வெளிநாட்டுப் பயணத்துக்கு ரயில் பாஸ் வாங்கலாமா? மதுரைக்காரர்கள் கேட்கும் கேள்விகள்

கோடை விடுமுறைக்கு ஜப்பான், சுவிட்சர்லாந்து, பாரிஸ் என்று கிளம்பும் குடும்பங்கள் மதுரையிலும் மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கமும் இப்போது நிறைய. பிள்ளை அங்கே வேலையில் இருக்கிறான், படிக்கிறாள் என்று பார்க்கப் போகும் பெற்றோரும் உண்டு. விமான டிக்கெட் போட்டதும் எல்லாருக்கும் வரும் சந்தேகம் ரயில் பாஸ்தான். என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். வருடம் குறிப்பிடாத விலைகள் எல்லாம் 2025 நிலவரம். பணம் கட்டுவதற்கு முன் அந்தந்த ரயில் நிறுவனத்தின் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ரயில் பாஸ் என்பது நம் சீசன் டிக்கெட் மாதிரியா?

பாதி அப்படித்தான். விருதுநகரில் இருந்தோ திண்டுக்கல்லில் இருந்தோ தினமும் மதுரைக்கு வேலைக்கு வருகிறவர் எடுக்கும் சீசன் டிக்கெட் இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவில்தான் செல்லும். வெளிநாட்டுப் பாஸில் நாள்தான் கணக்கு. ஏழு நாளுக்கு என்று மொத்தமாகப் பணம் கட்டிவிட்டால், அந்த ஏழு நாளும் பாஸுக்கு உட்பட்ட ரயில்களில் எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறலாம், எங்கே வேண்டுமானாலும் இறங்கலாம். பெரும்பாலும் வெளிநாட்டுப் பயணிகளுக்கு மட்டுமே விற்பார்கள். நம் ரயில்வேகூட வெளிநாட்டவருக்கு இண்ட்ரெயில் பாஸ் விற்றுவந்தது. 2017-ல் அதை நிறுத்திவிட்டார்கள்.

சில பாஸ்கள் தொடர்ச்சியான நாட்களுக்கு. சில, ஒரு மாதத்துக்குள் நீங்கள் விரும்பும் நான்கு நாள் அல்லது ஐந்து நாளுக்கு. ஒரே ஊரில் மூன்று நாள் தங்கிவிட்டு நகர்கிற குடும்பத்துக்கு இரண்டாவது வகைதான் பொருந்தும்.

சுருக்கமாகச் சொல்லுங்கள், வாங்கலாமா வேண்டாமா?

ஜப்பானுக்கு முதல்முறை, டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா மட்டும் என்றால் வேண்டாம். சுவிட்சர்லாந்தில் பிள்ளைகளோடு நாலைந்து நாள் ஊர் ஊராகச் சுற்றுவதென்றால் பெரும்பாலும் வாங்கலாம். பாரிஸ், ரோம், பார்சிலோனா என்று மூன்று நான்கு பெரிய நகரங்களுக்கு மட்டும் போவதென்றால் தனித்தனி டிக்கெட்டே நல்லது.

இதற்கு மேல் உறுதியாகச் சொல்ல, உங்கள் ஊர் வரிசை என் முன்னால் இருக்க வேண்டும். முதலில் ஊர், பிறகு தேதி, கடைசியில்தான் பாஸ். பாஸை வாங்கிவைத்துக்கொண்டு, "கட்டின பணம் வீணாகக் கூடாது" என்று ஊர்களைச் சேர்க்க ஆரம்பித்தால் பயணம் முழுக்க ரயிலிலேயே போய்விடும்.

கணக்கை எப்படிப் போடுவது?

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஊர் மாறும் பயணங்களை மட்டும் வரிசையாக எழுதுங்கள். நகரத்துக்குள் சுற்றும் மெட்ரோவை இதில் சேர்க்காதீர்கள், பல பாஸ்கள் அங்கே செல்லாது. ஒவ்வொரு பயணத்துக்கும் எதிரே ஒரு ஆளுக்கான சாதாரணக் கட்டணத்தை எழுதிக் கூட்டுங்கள். பக்கத்தில் பாஸ் விலையை எழுதுங்கள். பாஸ் இருந்தும் தனியாகக் கட்ட வேண்டிய ரிசர்வேஷன் கட்டணம் இருந்தால் அதையும் பாஸ் பக்கத்தில் கூட்டுங்கள். பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது இந்தக் கடைசி வரியில்தான். குழந்தைகளுக்குத் தனிக் கணக்கு போட வேண்டும். அதுதான் சில நாடுகளில் முடிவையே மாற்றிவிடும்.

ஜப்பான் பாஸ் ரொம்ப லாபம் என்று எல்லாரும் சொல்கிறார்களே?

அது பழைய கதை. 2023 அக்டோபர் வரை ஏழு நாள் ஜே.ஆர். (ஜப்பான் ரயில்வே) பாஸ் 29,650 யென். அப்போது டோக்கியோவில் இருந்து கியோட்டோ போய்த் திரும்பினாலே பாஸ் விலையை ஏறக்குறைய எடுத்துவிடலாம். அந்த மாதம் முதல் தேதி விலையை 50,000 யென் ஆக்கினார்கள். 14 நாள் பாஸ் 80,000, 21 நாள் 100,000. பழைய வீடியோக்களும் முன்பு போய்வந்த உறவினர்களும் சொல்வது அந்தப் பழைய விலையை வைத்துத்தான்.

இப்போதைய கணக்கைப் பாருங்கள். கணவன், மனைவி, ஒன்பது வயதுப் பிள்ளை. நரிட்டா விமான நிலையத்தில் இருந்து டோக்கியோவுக்குச் சுமார் 3,100 யென். டோக்கியோ–கியோட்டோ புல்லட் ரயில் சுமார் 14,000. கியோட்டோவில் இருந்து நாரா போய்வர 1,450 போல. கியோட்டோ–ஒசாகா 600-க்குள். ஒசாகாவில் இருந்து கன்சாய் விமான நிலையம் 1,200 போல. ஆளுக்கு 20,000 யென்னைச் சற்றே தாண்டும். 6 முதல் 11 வயது வரை பாதிக் கட்டணம் என்பதால், மூவருக்கும் சேர்த்து 51,000 யென் போல ஆகும். இதையே பாஸ் எடுத்துப் போனால் 125,000 யென். இந்திய மதிப்பில் நாற்பதாயிரம் ரூபாய்க்கு மேல் வித்தியாசம். அந்தப் பணத்தில் கியோட்டோவில் நல்ல விடுதியில் இன்னும் இரண்டு இரவு தங்கலாம்.

ஹிரோஷிமா சேர்த்தால்? டோக்கியோ–கியோட்டோ 14,000, கியோட்டோ–ஹிரோஷிமா 11,500-க்கு மேல், ஹிரோஷிமாவில் இருந்து டோக்கியோ திரும்ப 19,500 போல. மொத்தம் 45,000-ஐத் தாண்டும். விமான நிலையம் போக வர ஆகும் செலவையும் அதே ஏழு நாளுக்குள் அடக்கினால்தான் பாஸ் விலையைத் தொடும். அப்போதும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. வேகமான நொசோமி ரயிலில் பாஸ்காரர்கள் தனிப் பணம் கட்டித்தான் ஏற முடியும். டோக்கியோ–கியோட்டோவுக்கே அது ஏறக்குறைய 5,000 யென். கட்டாவிட்டால் சற்று மெதுவான ஹிகாரியில் போக வேண்டும். கியோட்டோவுக்கு அது பெரிய விஷயமில்லை, அரை மணி நேரத்துக்குள்தான் வித்தியாசம். ஹிரோஷிமாவுக்கு என்றால் வழியில் மாறி ஏற வேண்டிவரும், அம்மா அப்பாவோடு போகிறவர்கள் யோசிக்க வேண்டும்.

பாஸ் உண்மையில் லாபம் தருவது தெற்கே ஃபுகுவோகா, வடக்கே ஹகோடாடே என்று நாட்டின் இரு முனைக்கும் ஒரே வாரத்தில் போகிறவர்களுக்கு. ஒவ்வொன்றும் டோக்கியோவில் இருந்து ஒருவழிக்கே 23,000 யென்னுக்கு மேல். ரயில் பயணத்துக்காகவே ஜப்பான் போகிறவர்கள், தனியாகப் போகும் இளைஞர்கள், இவர்களுக்கு அது அருமையான பாஸ். ஒரே வட்டாரத்தில் சுற்றுகிறவர்கள் மண்டல பாஸ்களைப் பாருங்கள். கன்சாய், கியூஷு என்று தனித்தனியாக உண்டு, விலையும் மிகக் குறைவு.

அங்கே போய் டிக்கெட் கிடைக்காமல் போய்விட்டால்? பாஸ் இருந்தால் நிம்மதிதானே?

இந்தப் பயத்தில்தான் பாதிப் பேர் பாஸ் வாங்குகிறார்கள். பயத்துக்குக் காரணமும் இருக்கிறது. தீபாவளிக்குச் சென்னையில் இருந்து பாண்டியனிலோ வைகையிலோ ஊருக்கு வர, 60 நாளுக்கு முன் காலை எட்டு மணிக்குத் தளத்தைத் திறந்து உட்கார்ந்தும் வெயிட்டிங் லிஸ்ட் வாங்கியவர்கள் நாம். தட்காலில் கண்ணெதிரே சீட்டு போவதைப் பார்த்தவர்கள். அந்த அனுபவத்தோடு வெளிநாட்டு ரயிலை யோசித்தால் முன்கூட்டி எதையாவது வாங்கிவைக்கத்தான் தோன்றும்.

ஜப்பானில் நிலைமை வேறு. டோக்கியோவுக்கும் ஷின் ஒசாகாவுக்கும் 515 கிலோமீட்டர். நம் மதுரை–சென்னை தூரத்தைவிடக் கொஞ்சம்தான் கூட. வைகை ஏழு மணி நேரத்துக்கு மேல் எடுக்கும் அந்தத் தூரத்தை நொசோமி இரண்டரை மணி நேரத்தில் ஓடிவிடும், அதுவும் பகலில் சில நிமிடங்களுக்கு ஒரு ரயில். ஒன்று போனால் அடுத்தது பின்னாலேயே வருகிறது. இன்று வாங்கினாலும் ஒரு மாதம் முன்னால் வாங்கினாலும் கட்டணத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. சாதாரண நாளில் ஸ்டேஷனுக்குப் போய் வாங்கிக்கொள்ளலாம்.

ஒரு விதிவிலக்கு, ஏப்ரல் 29 முதல் மே முதல் வாரம் வரை வரும் கோல்டன் வீக். நாடே ஊருக்குக் கிளம்பும் நாட்கள் அவை. அப்போது நொசோமியில் ரிசர்வ் செய்யாமல் உட்கார முடியாது, எல்லாப் பெட்டியும் முன்பதிவுதான். நம் பள்ளி விடுமுறை சரியாக அங்கே போய் மோதுகிறது. சித்திரைத் திருவிழாவும் முடிந்து, மே இரண்டாம் வாரத்துக்கு மேல் கிளம்புவதுதான் எல்லா வகையிலும் நல்லது.

ஐரோப்பாவில் யூரெயில் பாஸ் எடுத்தால் எல்லா நாட்டுக்கும் போகலாமாமே?

33 நாடுகளில் செல்லும், உண்மைதான். ஆனால் எந்த நாட்டில் அதிக நாள் இருக்கப் போகிறீர்கள் என்று பாருங்கள்.

பிரான்ஸின் டி.ஜி.வி., இத்தாலியின் ஃப்ரெச்சாரோஸ்ஸா, ஸ்பெயினின் ஏ.வி.இ., லண்டன் போகும் யூரோஸ்டார் ஆகிய அதிவேக ரயில்களில் பாஸ் இருந்தாலும் இருக்கைக்குத் தனியாக ரிசர்வேஷன் வாங்கியே ஆக வேண்டும், ஒவ்வொரு ஆளும், ஒவ்வொரு ரயிலுக்கும். பத்துப் பதினைந்து யூரோவில் தொடங்கும், யூரோஸ்டாரில் முப்பதுக்கு மேல் போகும். சில ரயில்களில் பாஸ்காரர்களுக்கென்று ஒதுக்கும் இருக்கைகளே குறைவு. இதே நாடுகளில்தான் டிக்கெட் விலை விமானத்தைப் போல ஏறி இறங்கும். இரண்டு மூன்று மாதம் முன்னால் வாங்கினால் மிக மலிவு, கடைசி நேரத்தில் பல மடங்கு. ஆக, தேதி உறுதியாக இருக்கும் குடும்பத்துக்கு இங்கே பாஸ் தேவையில்லை.

ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, நெதர்லாந்து, பெல்ஜியம் பக்கம் வேறு மாதிரி. உள்நாட்டு ரயில்கள் பெரும்பாலானவற்றில் ரிசர்வேஷன் கட்டாயமில்லை. பாஸை வைத்துக்கொண்டு எந்த ரயிலிலும் ஏறலாம், வழியில் ஒரு ஊர் பிடித்திருந்தால் இறங்கிவிட்டு அடுத்ததைப் பிடிக்கலாம். பாஸின் சுகம் முழுதாகத் தெரிவது இந்தப் பக்கத்தில்தான். யூரெயிலில் ஒரு பெரியவரோடு 12 வயதுக்குக் கீழ் இரண்டு பிள்ளைகள் வரை பாஸ் இலவசம். 27 வயது வரை இளைஞர் சலுகையும் 60 வயதுக்கு மேல் மூத்தோர் சலுகையும் உண்டு. தாத்தா பாட்டி முதல் பேரன் வரை சேர்ந்து போகிறவர்கள் இதையும் கணக்கில் எடுங்கள்.

விசா வருவதற்கு முன் பாஸ் வாங்கலாமா, டிக்கெட் வாங்கலாமா?

நம்மைப் போன்றவர்களுக்கு இதுதான் உண்மையான சிக்கல். ஐரோப்பியப் பயணி எழுதும் ஆலோசனையில் இது வராது, அவருக்கு விசா கவலை இல்லை.

ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு எந்த நாள் எந்த ஊர், எங்கே தங்கல் என்று முன்பே எழுதிக் கொடுக்கிறோம். அதனால் தேதிகள் எப்படியும் உறுதியாகிவிடுகின்றன, "விருப்பப்பட்ட நாளில் போகலாம்" என்ற பாஸின் பெரிய வசதி நமக்குப் பாதிதான் பயன்படும். அப்படியானால் மலிவு டிக்கெட்டை முன்னாலேயே வாங்கலாம் என்று தோன்றும். அந்த மலிவு டிக்கெட்டுகளில் பல, பணம் திரும்பாதவை. விசா மறுக்கப்பட்டால் அத்தனையும் போச்சு.

நான் சொல்வது இது. விசா வரும்வரை பணம் திரும்பாத எதையும் வாங்காதீர்கள். விசா நேரம் நெருக்கும், அதற்குள் விலை ஏறிவிடும் என்ற நிலை வந்தால், மாற்றவும் ரத்து செய்யவும் வசதியுள்ள டிக்கெட் எடுங்கள், கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் சரி. யூரெயில் பாஸை, பயன்படுத்தத் தொடங்காமல் இருந்தால், கழிவு போகத் திருப்பித் தருவார்கள். தள்ளுபடி விற்பனையில் வாங்கியதற்கு இந்த வசதி இருக்காது, விதிமுறையைப் படித்துவிட்டு வாங்குங்கள். ஜப்பானுக்கு அவசரமே இல்லை, விசா கைக்கு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சுவிட்சர்லாந்துக்கு எந்தப் பாஸ்?

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று ஸ்விஸ் டிராவல் பாஸ். ரயில், பஸ், ஏரிப் படகு, நகரப் பேருந்து, ஐந்நூறுக்கு மேற்பட்ட அருங்காட்சியகங்கள் எல்லாம் அதில் அடக்கம். ரிகி மலை முழுக்க இலவசம், டிட்லிஸ் மலைக்குப் பாதிக் கட்டணம். மூன்று நாள் இரண்டாம் வகுப்பு 244 பிராங்க், எட்டு நாள் 419. பிராங்க் ஒன்று நூறு ரூபாயைத் தாண்டிவிட்டதால் இது சின்னத் தொகை அல்ல. ஆனால் பெற்றோரிடம் இந்தப் பாஸ் இருந்தால் 6 முதல் 15 வயதுவரையுள்ள பிள்ளைகளுக்கு ஃபேமிலி கார்டு இலவசமாகக் கிடைக்கும், அதை வைத்துப் பெற்றோரோடு கட்டணமில்லாமல் போகலாம். இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இது ஒன்றே போதும், கணக்கு பாஸ் பக்கம் சாய்ந்துவிடும்.

மற்றது ஹாஃப் ஃபேர் கார்டு. ஒரு மாதத்துக்கு அநேகமாக எல்லாவற்றிலும் பாதிக் கட்டணம். குறைவாக நகர்ந்து, மலைகளுக்கு அதிகம் போகிறவர்களுக்கு இது சிறந்தது. காரணம் யுங்ஃபிராவ்யோக். 3,454 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்த ஸ்டேஷனுக்கு இண்டர்லாக்கனில் இருந்து போய்வர 200 பிராங்குக்கு மேல் ஆகும். டிராவல் பாஸ் கிரிண்டல்வால்ட் அல்லது வெங்கன் வரைதான் இலவசம், அங்கிருந்து மேலே 25 சதவீதம் மட்டுமே குறைப்பார்கள். ஹாஃப் ஃபேர் கார்டில் பாதி. பனிமலையைப் பார்ப்பதுதான் பயணத்தின் நோக்கம், மற்றபடி ஒரே ஊரில் தங்கல் என்றால் இந்தக் கார்டைத்தான் பரிந்துரைப்பேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் பல கேபிள் கார்களைப் பராமரிப்புக்காகச் சில வாரங்கள் நிறுத்துவார்கள். நீங்கள் போக நினைக்கும் மலை அந்தத் தேதியில் திறந்திருக்கிறதா என்று பார்க்காமல் பாஸுக்குப் பணம் கட்டாதீர்கள்.

மகன் ஜெர்மனியில் படிக்கிறான், மகள் ஜப்பானில் வேலையில் இருக்கிறாள். அவர்களும் எங்களோடு வந்தால் ஒரே பாஸ் எடுக்கலாமா?

முடியாது. ஐரோப்பாவில் வசிக்கிறவர்களுக்கு இண்டர்ரெயில், வெளியில் இருந்து வருகிறவர்களுக்கு யூரெயில். பயன் ஏறக்குறைய ஒன்றுதான், பெயரும் விற்பனையும் வேறு. அதிலும் இண்டர்ரெயில் வைத்திருப்பவருக்கு, தான் வசிக்கும் நாட்டுக்குள் பயணக் கட்டுப்பாடு உண்டு. ஜப்பானில் வேலை விசாவில் இருக்கும் மகளுக்கு ஜே.ஆர். பாஸ் கிடையவே கிடையாது, தற்காலிகப் பயணியாக நுழையும் உங்களுக்கு மட்டும்தான். விமான நிலையத்தில் கடவுச்சீட்டில் அதற்கான முத்திரை விழுந்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜெர்மனியிலேயே ஒரு மாதம் மகனோடு தங்கப் போகிறீர்கள் என்றால் அங்குள்ள டாய்ச்லாண்ட் டிக்கெட்டை விசாரியுங்கள். 2023 மே மாதம் 49 யூரோவுக்கு வந்தது, 2025-ல் 58. நாடு முழுக்க உள்ளூர் பஸ், மெட்ரோ, சாதாரண ரயில்கள் அனைத்திலும் செல்லும், அதிவேக ஐ.சி.இ.யில் செல்லாது. அது மாதச் சந்தா, பத்தாம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதமும் பணம் எடுப்பார்கள். மகனிடம் இதை ஞாபகப்படுத்துங்கள்.

கடவுச்சீட்டில் என் பெயரும் அப்பா பெயரும் சேர்ந்தே இருக்கிறது. பாஸில் எப்படிப் போடுவது?

விமான டிக்கெட்டில் எப்படிப் போட்டீர்களோ, அப்படியே. இனிஷியல் மட்டும் போட்டுவிடாதீர்கள். ஆதாரில், வங்கிக் கணக்கில் எப்படி இருந்தாலும் கடவுச்சீட்டில் அச்சாகியிருப்பதுதான் கணக்கு. பாஸையும் கடவுச்சீட்டையும் பக்கத்தில் வைத்துத்தான் பரிசோதிப்பார்கள்.

எழுபது வயது அம்மாவோடு போகிறோம். பாஸ் இருந்தால் அலைச்சல் குறையுமா?

கூடத்தான் செய்யும். பாஸ் வாங்கிய வீடுகளில் தினமும் ஒரு ஊர் என்று அட்டவணை போடுவதைப் பார்க்கிறேன். காலையில் பெட்டியைக் கட்டு, ஸ்டேஷன், படி, பிளாட்பாரம், மறுபடி பெட்டியை அவிழ். பெரியவர்களை அழைத்துப் போகிறவர்கள் இரண்டே ஊரில் தங்கி, பக்கத்து ஊர்களுக்குப் பகலில் போய்வரும்படி போடுங்கள். பிறகு கணக்குப் போட்டால் பாஸ் தேவைப்படாமலே போகலாம். அதில் குறையொன்றும் இல்லை. அம்மா கியோட்டோ கோயில் வாசலில் அரை மணி நேரம் நிம்மதியாக உட்கார்ந்துவிட்டு வருவது, மூன்று ஊரை ஓடிப் பார்ப்பதைவிட மேல்.

பெட்டி விஷயத்தையும் கவனியுங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றும் கூட்டி 160 சென்டிமீட்டரைத் தாண்டினால், டோக்கியோ–ஒசாகா வழியில் ஓடும் ஷிங்கன்சென் புல்லட் ரயிலில் அந்தப் பெட்டிக்கு இடமுள்ள இருக்கையாகப் பார்த்து ரிசர்வ் செய்ய வேண்டும். பொடி, ஊறுகாய், குக்கர் என்று அடைத்த பெரிய பெட்டிகள் பல இந்த அளவைத் தாண்டிவிடும்.

சிங்கப்பூர், இலங்கைக்குப் பாஸ் தேவையா?

தேவையில்லை. சிங்கப்பூரில் மெட்ரோவிலும் பஸ்ஸிலும் வங்கி கார்டைத் தட்டியே போய்வரலாம். இலங்கையில் கட்டணமே குறைவு, மலைப்பாதை ரயிலில் முன்பதிவு இருக்கை கிடைக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

பாஸ் வாங்கும்போது என் கார்டு ஏற்கவில்லை, ஏன்?

நம் வங்கி கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை மூடியே இருக்கும், வங்கி செயலியில் நாம்தான் திறந்துவிட வேண்டும். திறந்த பிறகும் அந்நியச் செலாவணிக்கு வங்கி எத்தனை சதவீதம் பிடிக்கிறது என்று கேளுங்கள், 3.5 சதவீதம் வரை பிடிக்கும் கார்டுகள் உண்டு. நாலு பேருக்குப் பாஸ் எடுக்கும்போது அது ஒரு நல்ல தொகை.

டூர் ஏஜெண்ட் பாஸும் சேர்த்து பேக்கேஜ் தருகிறார். எடுக்கலாமா?

எந்தப் பாஸ், எத்தனை நாள், ரிசர்வேஷன் சேர்த்தா சேர்க்காமலா, பிள்ளைகளுக்கு இலவசம் என்பதைக் கழித்திருக்கிறாரா என்று எழுத்தில் கேளுங்கள். பாஸ் இல்லாமல் அதே பேக்கேஜ் எவ்வளவு என்றும் கேளுங்கள். நல்ல ஏஜெண்ட் இரண்டு விலையும் தருவார்.

வாங்குவதென்று முடிவு செய்துவிட்டோம். எந்த நாளில் தொடங்குவது?

இறங்கிய நாளில் தொடங்காதீர்கள். பத்து நாள் ஜப்பான் பயணத்துக்கு ஏழு நாள் பாஸ் என்றால், முதல் மூன்று நாள் டோக்கியோவுக்குள் சூய்க்கா போன்ற, பணம் ஏற்றித் தட்டிப் போகும் கார்டில் சுற்றிவிட்டு, டோக்கியோவை விட்டுக் கிளம்பும் காலையில் பாஸைத் தொடங்குங்கள். பாஸைக் கையில் வாங்கிய நாளில் இருந்து ஒரு மாதத்துக்குள் எந்த நாளை வேண்டுமானாலும் தொடக்க நாளாகக் கேட்கலாம். நாள் கணக்கு காலண்டர் நாள், 24 மணி நேரம் அல்ல. மாலை ஆறு மணிக்குத் தொடங்கினாலும் நள்ளிரவோடு ஒரு நாள் முடிந்துவிடும். ஜே.ஆர். பாஸ் தொலைந்தால் மறுபடி தர மாட்டார்கள், ஆகவே அதைக் கடவுச்சீட்டோடு ஒரே பையில், வீட்டில் பொறுப்பான ஒருவர் கையில் கொடுத்துவையுங்கள்.